துப்ரோவ்னிக் நகரமும் அதன் தீவுகளும்: வயதான பெற்றோருடன் நான்கு நாள்களை எப்படிப் பிரிப்பது?

நெய்தல்நிலா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வரும் செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் என் பெற்றோரை அழைத்துக்கொண்டு குரோஷியாவின் துப்ரோவ்னிக் நகருக்குச் செல்லவிருக்கிறேன். போகவும் வரவும் ஆகும் நாள்களைக் கழித்தால் முழுதாக நான்கு பகல்கள் எங்களுக்குக் கிடைக்கும். அப்பாவுக்கு 73 வயது ஆகிறது. வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வெனிஸுக்கும் துருக்கியருக்கும் நடுவில் ஒரு சிறு வணிகக் குடியரசு நூற்றாண்டுக் கணக்கில் எப்படித் தாக்குப்பிடித்தது என்பதை அந்த ஊரிலேயே நின்று பார்க்க வேண்டும் என்று நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அம்மாவுக்கு 68 வயது. சமதரையில் நன்றாக நடப்பார். படி ஏறினால் முழங்கால் வலி வந்துவிடும். அவருக்குக் கடலும், கரையில் உட்கார ஒரு நிழலும் இருந்தால் போதும்.

நான் போட்டு வைத்திருக்கும் திட்டத்தைச் சொல்கிறேன். முதல் நாள் பழைய நகரமும் மதில் நடையும். இரண்டாம் நாள், ஒரே நாளில் மூன்று தீவுகளைக் காட்டுவதாகப் படகுக்காரர்கள் விளம்பரம் செய்யும் சுற்றுலா. மூன்றாம் நாள் மிலியெட் தீவு. நான்காம் நாள் காலையில் லோக்ரும் தீவு, பிற்பகலில் எல்லை தாண்டி மான்டினீக்ரோ நாட்டின் கோட்டோர் நகரம். எழுதிப் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. இப்போது அம்மாவின் முழங்காலை நினைத்தால் தயக்கம் வருகிறது. எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது? மதிலின் மேல் அம்மாவால் நடக்க முடியுமா? பழைய நகருக்குள்ளேயே அறை எடுக்கலாமா? சென்று வந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பழஞ்சுவர் எழுதியது:

வணக்கம். துப்ரோவ்னிக்கில் இரு வேறு ஆண்டுகளில் மொத்தம் 11 நாள்கள் தங்கியிருக்கிறேன். தங்கள் திட்டத்தில் ஆறு நாள் வேலை நான்கு நாள்களுக்குள் அடைக்கப்பட்டிருக்கிறது. தீவுகளைப் பற்றி என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் எழுதுவார்கள். நான் நகரத்தைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன். தங்கள் அப்பா தேடுவதில் பெரும்பகுதி அந்த மதிலுக்குள்தான் இருக்கிறது.

முதலில் அம்மாவின் கேள்வி. மதிலின் சுற்றளவு 1,940 மீட்டர். சில இடங்களில் 25 மீட்டர் உயரம் வரை எழுந்து நிற்கிறது. நடப்பவர்கள் எல்லோரும் இடஞ்சுழியாக, ஒரே திசையில்தான் செல்ல வேண்டும். மேற்கே பீலே வாயில், கிழக்கே புளோச்சே வாயில் பக்கம், தென்கிழக்கே புனித யோவான் கோட்டை என ஏறி இறங்க மூன்று இடங்கள் உண்டு. பீலேயில் ஏறினால் தொடக்கத்திலேயே செங்குத்தான படிவரிசை ஒன்று இருக்கிறது. அதை மட்டும் நின்று நின்று ஏறிவிட்டால், அதன் பிறகு வருவது கடலை ஒட்டிய தென்புற மதில். இடையிடையே சில படிகள் வரும், ஆனால் பெரிய ஏற்றம் கிடையாது, காட்சியும் அங்கேதான் மிக அழகு. புனித யோவான் கோட்டையை அடைந்ததும் அம்மாவும் தாங்களும் இறங்கிப் பழைய துறைமுகத்தில் அமர்ந்துகொள்ளலாம். அப்பா மட்டும் வடபுறமாகத் தொடர்ந்து, மதிலின் மிக உயர்ந்த இடமான மின்சேட்டா கோபுரம் வரை ஏறிவிட்டுப் பீலேயில் இறங்கட்டும். புளோச்சே பக்கம் ஏறினால் மின்சேட்டாவின் ஏற்றம்தான் முதலில் வரும். ஆகவே அங்கே ஏற வேண்டாம். காலை 8 மணிக்குக் கதவு திறக்கும்போதே போய்விடுங்கள். மதிலின் மேல் நிழல் கிடையாது. பத்து மணிக்குமேல் சொகுசுக் கப்பல்களில் வரும் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். மதிலுக்கான சீட்டின் விலையும், அருங்காட்சியகங்களும் நகரப் பேருந்தும் சேர்ந்த ஒரு நாள் துப்ரோவ்னிக் பாஸின் விலையும் ஏறத்தாழ ஒன்றே என்பதால் பாஸை வாங்குவதே நல்லது.

மேலே நடக்கும்போது கூரைகளைக் கவனிக்கச் சொல்லுங்கள். வெளிறிய பழைய ஓடுகளும் பளிச்சென்ற சிவப்பு ஓடுகளும் கலந்து கிடக்கும். யூகோஸ்லாவியப் படை நடத்திய 1991-92 முற்றுகையின்போது பழைய நகரின் 824 கட்டடங்களில் 563 கட்டடங்கள் குண்டுகளுக்கு இலக்காயின. 1991 டிசம்பர் 6 அன்று விழுந்த குண்டுகளே மிகக் கொடியவை. யுனெஸ்கோ 1979ஆம் ஆண்டிலேயே உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்ட நகரம் அது. புதிய ஓடு வேய்ந்த ஒவ்வொரு கூரையும் அந்த முற்றுகைக்குப் பிறகு மீண்டெழுந்தது என்று அறிந்து பார்க்கும்போது மனம் கனத்துவிடுகிறது. ஸ்ட்ராடுன் வீதியின் முடிவில் இருக்கும் ஸ்போன்சா மாளிகையில், நகரைக் காக்கும்போது உயிர்நீத்தவர்களின் படங்களை வைத்து ஓர் அறை அமைத்திருக்கிறார்கள். அங்கே சற்று நேரம் நில்லுங்கள்.

ஸ்ட்ராடுன் முழுவதும் சமதரை. அம்மாவுக்குச் சிரமம் இராது. ஒரு காலத்தில் அது வீதியே அன்று. பாறைமேல் இருந்த ஒரு குடியிருப்புக்கும் எதிர்க்கரையில் ஓக் மரத் தோப்பை அடுத்திருந்த இன்னொரு குடியிருப்புக்கும் இடையே ஓடிய கடற்கால்வாயைத் தூர்த்து உண்டாக்கிய நிலம் அது. அந்தத் தோப்பிலிருந்துதான் துப்ரோவ்னிக் என்ற பெயரும் வந்தது. சுண்ணாம்புக்கல் தளம் கால்பட்டுக் கால்பட்டுக் கண்ணாடிபோல ஆகிவிட்டது. மழை பெய்தால் வழுக்கும். நல்ல பிடிப்புள்ள செருப்பு வேண்டும். வீதியின் இருமருங்கிலும் வீடுகள் ஒன்றுபோலவே இருப்பதற்குக் காரணம், 1667 ஏப்ரல் 6 அன்று வந்த நிலநடுக்கம். ஆயிரக்கணக்கானோர் மாண்ட பின்னர், ஒரே திட்டத்தின்படி வீதியை மறுபடி கட்டினார்கள். கதவும் சன்னலும் ஒரே வளைவுக்குள் அமைந்து, கீழ்ப்பாதி மேடை கடைப்பலகையாகப் பயன்பட்ட அந்த வாசல்களை இன்றும் காணலாம்.

அப்பா அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் ரெக்டர் மாளிகை. ரெக்டர் என்று அழைக்கப்பட்ட அந்தக் குடியரசுத் தலைவரின் பதவிக்காலம் ஒரே ஒரு மாதம். அந்த ஒரு மாதமும் அவர் அரசுப் பணிக்காக அன்றி மாளிகையை விட்டு வெளியே போகக் கூடாது. பேரவை மண்டபத்துக்குச் செல்லும் வாசலின் மேல், சொந்தக் காரியங்களை மறந்து பொதுக்காரியங்களைக் கவனியுங்கள் என்று லத்தீனில் பொறித்து வைத்தார்கள். ஒரு குடும்பமோ ஒரு மனிதரோ அதிகாரத்தைக் கைப்பற்றிவிடக் கூடாது என்று அவர்கள் எவ்வளவு அஞ்சினார்கள் என்பது இந்த ஒரு மாளிகையில் விளங்கிவிடும். வெளியே இருந்த ஆபத்துக்கு வேறு வழி வைத்திருந்தார்கள்: துருக்கிய சுல்தானுக்கு ஆண்டுதோறும் 12,500 பொற்காசுகள் திறை செலுத்திவிட்டு, அவருடைய பேரரசு முழுவதும் வணிகம் செய்யும் உரிமையைப் பெற்றுக்கொண்டார்கள். 1358ஆம் ஆண்டில் வெனிஸின் பிடியிலிருந்து விடுபட்டவர்கள், 1808இல் நெப்போலியனின் படைத்தலைவர் குடியரசைக் கலைக்கும்வரை தங்கள் ஆட்சியைத் தாங்களே நடத்தினார்கள்.

தங்குவதைப் பொறுத்தவரை, பழைய நகருக்குள் அறை எடுக்க வேண்டாம் என்பேன். ஸ்ட்ராடுனுக்கு வடக்கே உள்ள சந்துகள் எல்லாமே படிக்கட்டுகள். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு அவற்றில் ஏற வேண்டியிருக்கும். லபாட் பகுதியில் கடற்கரைவரை சமமான நடைபாதை இருக்கிறது. அங்கிருந்து 6ஆம் எண் பேருந்து நேராகப் பீலே வாயிலில் கொண்டுவந்து விடும். பேருந்துச் சீட்டைக் கடையிலேயே வாங்கிக்கொண்டால் ஓட்டுநரிடம் வாங்குவதைவிட விலை குறைவு.

உப்பங்காற்று எழுதியது:

நெய்தல்நிலா, தங்கள் கேள்வியைப் படித்ததும் என் மாமனார், மாமியாருடன் நாங்கள் சென்ற பயணம் நினைவுக்கு வந்தது. அன்று நாங்கள் செய்த தவற்றைத் தாங்களும் செய்துவிடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

ஒரே நாளில் மூன்று தீவுகள் என்ற சுற்றுலாவில்தான் நாங்களும் போனோம். கோலோச்செப், லோப்புட், ஷிப்பான் ஆகிய மூன்றும்தான் அந்தத் தீவுகள்; எலஃபீட்டித் தீவுக்கூட்டத்தில் மக்கள் நிலையாக வாழ்பவை இவை மூன்று மட்டுமே. ஒவ்வொன்றிலும் இறக்கிவிட்டு, ஊரின் முகப்பைப் பார்த்துத் திரும்புவதற்குள் படகின் சங்கு ஊதிவிட்டது. பெரியவர்கள் இருவரும் ஏணிப்பலகையில் மூன்று முறை ஏறி, மூன்று முறை இறங்கிக் களைத்துப் போனார்கள். மாலையில், எந்தத் தீவு எது என்றே நினைவில்லை என்று மாமியார் சொன்னார். மறுமுறை நானும் கணவரும் லோப்புட்டுக்கு மட்டும் போய் ஒரு முழு நாள் இருந்தோம். அன்றுதான் அந்தக் கடலின் அமைதி எனக்குப் புரிந்தது. ஆகவே மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், லோப்புட்டைத் தேர்ந்தெடுங்கள்.

குரூஜ் துறைமுகத்திலிருந்து தினமும் செல்லும் பயணிகள் படகில் போனால் ஒரு மணி நேரத்துக்குள் லோப்புட் வந்துவிடும். தீவில் கார்களே கிடையாது. துறையில் இறங்கியதும் வளைகுடாவைச் சுற்றி அகன்ற சமதரை நடைபாதை. ஒருபுறம் பனைவகை மரங்களும் பழைய கல்வீடுகளும், மறுபுறம் தெளிந்த நீர். அம்மாவுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் அந்தப் பக்கத்திலேயே இல்லை. தீவின் மறுபுறத்தில் ஷூன் என்ற மணற்கரை இருக்கிறது. கூழாங்கல்லும் பாறையுமான அந்தக் கடலோரத்தில் மணற்கரை அரிது. வெகுதூரம்வரை ஆழமும் குறைவு என்பதால் நீந்தத் தெரியாதவர்கள்கூட இடுப்பளவு நீரில் அச்சமின்றி நிற்கலாம். குன்றைத் தாண்டிச் செல்ல அரை மணி நேரம் ஆகும். நடக்க முடியாதவர்களுக்காக மின்சாரத்தில் இயங்கும் சிறு வண்டிகள் ஓடுகின்றன.

அப்பாவுக்கும் அங்கே ஒரு செய்தி காத்திருக்கிறது. மேலே பழஞ்சுவர் அவர்கள் சொன்ன ரெக்டர் மாளிகையின் முற்றத்தில் ஒரு மார்பளவுச் சிலை உண்டு. மீஹோ பிராட்சாட் என்ற கப்பல் வணிகரின் சிலை அது, ஊர் லோப்புட். பிரபுக் குலத்தவர் அல்லாத அவர், தம் பெருஞ்செல்வத்தைக் குடியரசுக்கு எழுதிவைத்துவிட்டு மறைந்தார். எந்தத் தனி மனிதருக்கும் சிலை வைக்காத அந்தக் குடியரசு, 1638ஆம் ஆண்டில் அவர் ஒருவருக்கு மட்டும் சிலை வைத்தது. கடலில் இருமுறை எல்லாவற்றையும் இழந்த பின்னர், சுவரில் ஏற முயன்று விழுந்துகொண்டே இருந்த பல்லியொன்று இறுதியில் ஏறிவிட்டதைக் கண்டு மூன்றாம் முறை கப்பலேறினார் என்று லோப்புட்டில் கதை சொல்கிறார்கள். முதல் நாள் மாளிகையில் சிலையைப் பார்த்துவிட்டு மறுநாள் அவர் பிறந்த தீவில் போய் இறங்கினால், அந்தக் குடியரசின் மாலுமிகளும் கப்பல்களும் எங்கிருந்து வந்தன என்பது அப்பாவுக்கு விளங்கும். மதிலுக்குள் இருந்தவர்கள் ஆண்டார்கள். கடலோடியவர்களில் பெரும்பங்கினர் இந்தத் தீவுக்காரர்கள்.

லோக்ரும் தீவு வேறு வகை. பழைய துறைமுகத்திலிருந்து கால் மணி நேரப் படகுப் பயணம். அங்கே இரவில் தங்க யாருக்கும் அனுமதி இல்லை. கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதை இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 1023ஆம் ஆண்டில் தோன்றிய பெனடிக்ட் சபை மடத்தின் எச்சங்கள் அங்கே இருக்கின்றன. மடத்திலிருந்து துறவிகளை வெளியேற்றியபோது, அவர்கள் மெழுகுவர்த்திகளைத் தலைகீழாகப் பிடித்துத் தீவைச் சுற்றிவந்து, இனி இதை உடைமையாக்குவோர் எவரும் வாழமாட்டார்கள் என்று சபித்ததாகச் சொல்வார்கள். 1859இல் அதை வாங்கிய ஆஸ்திரிய இளவரசர் மாக்ஸிமிலியன், பின்னர் மெக்ஸிகோவின் பேரரசராகி 1867இல் அங்கே சுட்டுக்கொல்லப்பட்டார் என்பது வரலாறு. அவர் வளர்த்த தோட்டத்தில் இப்போது மயில்கள் உலவுகின்றன. துறையிலிருந்து மடம்வரை நிழலான பாதை. அம்மா நன்றாக நடக்கலாம். பாறைக்கு அடியில் கடலோடு தொடர்புள்ள சிறிய உப்பேரி ஒன்றும் அங்கே இருக்கிறது. அலையில்லாத நீர் என்பதால் கால் நனைக்க ஏற்றது. உச்சியில் இருக்கும் கோட்டைக்கு மட்டும் ஏற வேண்டாம்.

நெய்தல்நிலா எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று தீவுச் சுற்றுலாவை நீக்கிவிட்டேன். மீஹோ பிராட்சாட்டைப் பற்றி அப்பாவிடம் சொன்னதும் லோப்புட் உறுதியாகிவிட்டது. மிலியெட்டையும் விட்டுவிட வேண்டுமா? ஏரிக்கு நடுவில் மடம் இருக்கும் படத்தைப் பார்த்ததிலிருந்து அம்மா அதைக் கேட்கிறார். உணவு பற்றியும் சொல்லுங்கள். இருவரும் மீன், முட்டை எதுவும் உண்பதில்லை.

எல்லைக்கோடு எழுதியது:

நெய்தல்நிலா அவர்களுக்கு வணக்கம். கோட்டோர் பயணத்தைப் பற்றி யாரும் ஒரு முக்கியமான செய்தியைச் சொல்லவில்லை. குரோஷியா 2023 ஜனவரி 1 முதல், ஒரே விசாவில் சென்றுவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதியில் சேர்ந்துவிட்டது; யூரோ நாணயமும் அன்றுதான் வந்தது. மான்டினீக்ரோ ஷெங்கன் பகுதியில் இல்லை. தங்களுடைய விசா ஒருமுறை மட்டும் நுழையும் வகையாக இருந்தால், கோட்டோருக்குப் போய்விட்டுத் துப்ரோவ்னிக்குக்குத் திரும்ப முடியாது. போஸ்னியாவின் மோஸ்தார் நகருக்கும் இதே விதிதான். பலமுறை நுழையும் விசா இருந்தாலும்கூட, எல்லைச் சாவடியில் வண்டிகள் நிற்கும் நேரத்தை நினைத்தால் அரை நாளில் கோட்டோர் போய்வருவது பெற்றோருக்குத் துன்பமாகவே முடியும்.

இதோடு சேர்த்து அப்பாவிடம் சொல்லத்தக்க ஒரு செய்தி: குரோஷியக் கடற்கரையின் நடுவே நேயும் என்ற சிறு துண்டு மட்டும் போஸ்னியாவுக்குச் சொந்தமாக இருப்பதன் காரணம் அந்தக் குடியரசின் அச்சம்தான். வெனிஸ் நிலவழியாகத் தங்களை நெருங்கிவிடக் கூடாது என்பதற்காக, 1699 உடன்படிக்கையின்போது அந்தத் துண்டைத் துருக்கியர் வசம் விட்டுவிட்டார்கள். அந்த எல்லை இன்றுவரை நிலைத்துவிட்டது. அதனால்தான் சாலைவழியாகச் செல்பவர்கள் இரண்டு சாவடிகளைக் கடக்க வேண்டியிருந்தது. 2022 ஜூலையில் பெல்யெஷாட்ஸ் பாலம் திறந்த பிறகே அந்தத் தொல்லை நீங்கியது.

கோட்டோருக்குப் பதிலாகக் குரோஷியாவுக்குள்ளேயே இருக்கும் சவ்டாட் என்ற கடலோரச் சிற்றூருக்குப் போங்கள். பழைய துறைமுகத்திலிருந்து படகில் முக்கால் மணி நேரம். கடலோரம் முழுவதும் சமதரை. 1377ஆம் ஆண்டில், கொள்ளைநோய் பரவிய ஊர்களிலிருந்து வருவோர் 30 நாள்கள் ஒதுங்கியிருந்த பிறகே நகருக்குள் நுழையலாம் என்று துப்ரோவ்னிக்கின் பேரவை சட்டம் இயற்றியது. அவர்கள் ஒதுங்கியிருக்கக் குறித்துக் கொடுத்த இடங்கள் சவ்டாட்டும் அதன் எதிரே தெரியும் மிர்கான் என்ற சிறு தீவும். அண்மையில் நாம் எல்லோரும் அனுபவித்த தனிமைப்படுத்தலின் முதல் சட்டங்களில் ஒன்று பிறந்த இடத்தைக் கரையில் அமர்ந்தபடியே அப்பா பார்த்துவிடலாம்.

உப்பங்காற்று எழுதியது:

மிலியெட்டைப் பற்றி: நான்கு நாள்களில் அது வேண்டாம் என்பதே என் கருத்து. குரூஜிலிருந்து விரைவுப்படகில் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஆகும். அதன் பிறகு ஏரிவரை போக வேண்டும், ஏரியில் மறுபடி படகேறி மடத்துக்குச் செல்ல வேண்டும், மாலையில் இவை அத்தனையையும் திருப்பிச் செய்ய வேண்டும். 1960 முதல் தேசியப் பூங்காவாகக் காக்கப்படும் அந்தக் காடும் ஏரிகளும் மிக அழகு என்பதில் ஐயமில்லை. ஆனால் ஓர் இரவு அங்கேயே தங்குபவர்களுக்குத்தான் அந்த அழகு கிடைக்கும். (1910இல் பாம்புகளை ஒழிக்க நம் நாட்டுச் சிறு கீரிகளைக் கொண்டுபோய் அந்தத் தீவில் விட்டார்கள். பாம்புகள் குறைந்தன, பிறகு பறவைகளுக்கும் வீட்டுக் கோழிகளுக்கும் அந்தக் கீரிகளே பகையாகிவிட்டன. இன்றும் சாலையோரத்தில் ஓடுவதைப் பார்க்கலாம்.) மடம் பார்க்க வேண்டும் என்ற அம்மாவின் ஆசையை லோக்ரும் ஓரளவு நிறைவேற்றும்.

உணவுக்குக் கவலை வேண்டாம், ஆனால் ஒவ்வொரு முறையும் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். பிளிட்வா என்பது கீரையும் உருளைக்கிழங்கும் வேகவைத்து, பூண்டும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்துக் கிளறியது. மீனுக்குத் துணையாகத் தருவார்கள். தனியாகக் கேட்டாலும் தருகிறார்கள். நம் கீரை மசியலை நினைவூட்டும் என்பதால் என் மாமியார் நாள்தோறும் அதையே கேட்டார். கறுப்பு நிறத்தில் வரும் அரிசிச்சோறு கணவாய் மையில் சமைத்தது. அதைத் தொட வேண்டாம். இனிப்பாகத் தரும் ரொஜாட்டாவில் முட்டை உண்டு. காலையில் குந்துலிச் சதுக்கத்தில் கூடும் சந்தையில் அத்திப்பழம், திராட்சை, சர்க்கரைப்பாகு ஏற்றிய ஆரஞ்சுத் தோல் எல்லாம் கிடைக்கும். லோக்ருமுக்குப் போகும் அன்று ரொட்டியும் பழமும் கட்டிக்கொண்டு போய் மரநிழலில் உண்ணலாம். தண்ணீர் வாங்கத் தேவையில்லை. பீலே வாயிலை அடுத்து நிற்கும் ஓனோஃப்ரியோ நீரூற்றில் புட்டியை நிரப்பிக்கொள்ளலாம். 15ஆம் நூற்றாண்டில் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவிலிருந்து நீரைக் கொண்டுவந்து அதைக் கட்டினார்கள்.

நெய்தல்நிலா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. எங்கள் விசா ஒருமுறை நுழையும் வகைதான்; எல்லைக்கோடு அவர்கள் சொல்லாமல் இருந்திருந்தால் பெருந்தொல்லையில் மாட்டியிருப்போம். இப்போது திட்டம் இப்படி மாறியிருக்கிறது. முதல் நாள் காலை எட்டு மணிக்கு மதில், பிறகு ரெக்டர் மாளிகையும் ஸ்ட்ராடுனும். இரண்டாம் நாள் முழுவதும் லோப்புட். மூன்றாம் நாள் படகில் சவ்டாட். நான்காம் நாள் லோக்ரும், மாலையில் கம்பிவட ஊர்தியில் ஸ்ர்ட் மலை. அறையை லபாட்டில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதில் மாற்ற வேண்டியது ஏதேனும் உண்டா?

பழஞ்சுவர் எழுதியது:

திட்டம் மிகவும் பொருத்தம். நாள்களின் வரிசையை மட்டும் இறுக்கிப் பிடிக்க வேண்டாம். செப்டம்பரில் ஜூகோ என்ற தென்கிழக்குக் காற்று சில நாள்களில் எழும். வானம் மூடிக்கொண்டு கடல் புரளும், சிறு படகுகளை நிறுத்திவிடுவார்கள், மலைக்குச் செல்லும் கம்பிவட ஊர்தியும் பலத்த காற்றில் ஓடாது. ஜூகோ வீசும் நாளில் குடியரசின் பேரவை எந்த முடிவும் எடுக்காது என்று ஊர்ப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். முந்தைய இரவே வானிலையைப் பார்த்துவிட்டு, காற்று வரும் நாளை மாளிகைக்கும் பிரான்சிஸ்கன் மடத்தில் 1317 முதல் இருந்துவரும் மருந்தகத்துக்கும் ஒதுக்குங்கள். கடல் மிகத் தெளிவாக இருக்கும் நாளை லோப்புட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் படகு நேரத்தைக் குரூஜில் சீட்டு வாங்கும்போதே எழுதி வாங்கிவிடுங்கள்.